பத்தாம் பக்கம், ஐந்து நட்சத்திரம்

ஹகோதாதேயிலிருந்து அவோமோரிக்கு
மூன்றே முக்கால் மணி நேரம்.
கப்பலின் அடித்தளத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய என் லாரி,
அதற்குள் பதினோரு டன் சிப்பி.
மேலே ஓட்டுநர் அறையில்
நான், பென்சில், ரப்பர், பத்தாம் பக்கம்.

கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில்
ஆக்கியவர் பெயர்: மழைக்கால நத்தை.
ஆணோ பெண்ணோ தெரியாது.
ஆறு வருஷமாக, மாதம் ஒரு முறை,
அந்த ஆளோடு மல்லுக்கட்டுகிறேன்.

துறைமுக விளக்கு மறைவதற்குள்
சுலபமான எண்களெல்லாம் விழுந்துவிட்டன.
அப்புறம் ஒன்றும் அசையவில்லை.
நத்தையின் குணம் அது:
வாசலில் உபசாரம், கூடத்தில் பூட்டு.

இரண்டாம் வரிசையில் ஏழுக்கு இரண்டே இடம்.
ஆறாம் வரிசையிலும் இரண்டே இடம்;
அதே மூன்றாம் பத்தி, அதே எட்டாம் பத்தி.
மூலைக்கு மூலை கோடு இழுத்தால் ஒரு பெருக்கல் குறி.
ஏழு எந்த மூலையில் உட்காரும்?
தெரியாது. தெரியவும் வேண்டாம்.
அந்தப் பத்திகளில் மற்ற ஏழுகளுக்கு இனி வேலை இல்லை.
ஐந்தை அழித்தேன்.
நிஜம் எதுவென்று தெரியாமலே
பொய்யைக் கழிக்கலாம் இங்கே.

மூன்று வரிசை, மூன்று பத்தி என வலை விரிந்தால்
அதற்கு வாள்மீன் என்று பெயர்.
"இந்த ஜலசந்தியில் கிடைக்குமா அது?" என்கிறார் மிகாமி,
உருளைக்கிழங்கு லாரிக்காரர்,
ஹீட்டர் மேல் சாக்ஸைக் காயவைத்தபடி.
அவர் பேனாவால் போடுகிறவர்.
சிக்கினால் ஊகிப்பார்,
ஊகம் தப்பினால் பக்கத்தைக் கிழிப்பார்.

நான் ஊகிப்பதில்லை.
இது நாலு என்றால் அது ஒன்பது,
அது ஒன்பது என்றால் மூலையில் ஒன்று இல்லை.
இது ஆறு என்றால் கீழே எட்டு,
எட்டு என்றால் பக்கத்தில் நாலு,
சுற்றிக்கொண்டு வந்தாலும்
அதே மூலையில் ஒன்று இல்லை.
மார்ச்சில் விவாகரத்துத் தாளை
இப்படித்தான் நிரப்பினேன்.
அவன் சொன்னது நிஜமென்றால்
அந்த வீட்டில் நான் இருக்க முடியாது.
பொய்யென்றால், முடியவே முடியாது.
எது என்று கேட்காமல் முத்திரை குத்தினேன்.

நடுக்கடலில் ஒரு செவ்வகம் கண்ணில் பட்டது.
நாலாம் ஐந்தாம் வரிசை, முதல் ஏழாம் பத்தி.
மூன்று மூலைகளில் இரண்டு, ஒன்பது, அவ்வளவுதான்.
நாலாவதில் கூடவே ஓர் ஐந்து.
அந்த ஐந்து வராமல் போனால்
இரண்டும் ஒன்பதும் நாற்காலி மாற்றிக்கொள்ளும்,
ஒரு புதிருக்கு இரண்டு விடை வந்துவிடும்.
நத்தை அப்படிச் செய்யாது.
ஆகவே ஐந்து.

"இது கணக்கில்லை ஸகுராபா, நம்பிக்கை."
மிகாமி எப்போதாவதுதான் சரியாகப் பேசுவார்.
முகம் தெரியாத ஓர் ஆள்
தன் வேலையை ஒழுங்காகச் செய்திருப்பார் என்று
அழுத்தி எழுதினேன் ஐந்தை.

இருபது நிமிஷம்.
எட்டாம் வரிசையில் இரண்டு மூன்றுகள்.

கப்பல் ஆடியதில் ஒன்றை ஏழாகப் படித்தேனா?
அவசரத்தில் எதையாவது கூடுதலாக அழித்தேனா?
நத்தை தப்பு செய்யாது என்றால்
தப்பு செய்தது நான்.
தேய்த்தேன், தேய்த்தேன்,
ஐந்து இருந்த இடத்தில் தாள் கிழிந்து
மறுபக்கத்து நூடுல்ஸ் விளம்பரத்தின் சிவப்பு தெரிந்தது.
ஒலிபெருக்கி வண்டிக்காரர்களைக் கூப்பிட்டது.

அடுத்த மாத இதழில், கடைசிப் பக்கத்தின் அடியில்:
பத்தாம் பக்கப் புதிரில் அச்சுப் பிழை.
எட்டு என்று இருப்பதை மூன்று என்று வாசிக்கவும்.
வருந்துகிறோம்.

நத்தையும் இல்லை, நானும் இல்லை.
எங்கோ ஓர் அச்சகத்தில்
தூக்கம் கெட்ட ஒரு மூன்றாம் ஆள்.
அவரை நான் எண்ணவே இல்லை.

எரிமுனை வரை ஓட்டிக்கொண்டு போகும்போது
நிஜமா பொய்யா என்ற அந்தக் கேள்வியையும்
ஒரு தரம் திருப்பிப் பார்த்தேன்.
அவனுக்கே தெரியாமல் இருந்திருந்தால்?

அன்று இரவு கப்பலில்
பழைய இதழை எடுத்து, மூன்றைத் திருத்தி,
மறுபடி முதலிலிருந்து.
ஓட்டை விழுந்த கட்டத்துக்கு
பயணச்சீட்டின் ஓரத்தைக் கிழித்து ஒட்டினேன்.
அதே செவ்வகம் வந்தது.
ஐந்துதான்.