கறுத்த பனி தாங்கும்

ஹில்லார் பாவ்மேஸ், அறுபத்து மூன்று.
தொழில் என்ற கட்டத்தில்
‘கடல் அளப்பவன்’ என்று எழுதியிருந்தார்.
எழுத்துப் பிழையோ என்று கேட்டேன்.
இல்லை.
ஹீயுமா தீவுக்கும் கரைக்கும் நடுவே
எஸ்தோனியக் கடல் உறையும் ஆண்டுகளில்
அதன்மேல் சாலை குறிக்கிறவர்.
நூறடிக்கு ஒரு துளை.
எத்தனை சென்டிமீட்டர், எத்தனை டன்.

பெல்ட், சாவி, சட்டைப்பையில் மறந்துபோன திருகாணி
எல்லாம் தட்டில் விழுந்தன.
“டீசல் பீப்பாய்க்குள் படுத்திருக்கிறேன், இது பெரிசு”
என்றபடி உள்ளே போனார்.
கண்ணாடிக்கு இப்பால் நான்:
மூச்சை இழுங்கள். விடுங்கள். அப்படியே நிறுத்துங்கள்.
காந்தம் தட்டத் தொடங்கியது,
பூட்டிய வீட்டைக் கடன்காரன் தட்டுவதுபோல்
கோபமாக, பிறகு சலித்து, பிறகு மறுபடி.

கடோலினியம் நரம்பில் ஏறியது.
அப்புறம் பத்து நிமிடம் காத்திருப்பு.
உயிருள்ள தசை
வந்த விருந்தாளியை வாசல்வரை வந்து
வழியனுப்பிவிடும்.
வடு அப்படியில்லை.
உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும்.

நல்ல தசை முற்றும் கறுக்கும் கணத்தைத் தேடி
எண்ணைத் திருப்பினேன்:
இருநூற்று எண்பது, முந்நூறு.
கறுத்தது.
கீழ்ச்சுவரின் உள்விளிம்பில்
நகம் பதிந்த மாதிரி ஒரு பிறை
வெள்ளையாய் எரிந்தது.

டாக்டர் வீவே அவரையே அறைக்கு அழைத்தார்.
“மாரடைப்பு எப்போது வந்தது?”
“வரவில்லையே.”
“வந்திருக்கிறது.”

மூக்கு படும் அளவுக்குத் திரையை நெருங்கினார்.
“எங்களுக்கும் இதே கணக்குத்தான்.
கறுத்த பனி தாங்கும்.
வெள்ளைக்குள் காற்று இருக்கும்,
நம்பி லாரி விட முடியாது.”

பிறகு யாரிடமும் இல்லாமல்:
“ஒரு மார்ச் மாதம். பதினேழாவது துளை.
இடது கை மரத்தது.
துளைக்கருவியின் அதிர்வு என்று நினைத்தேன்.
மைனஸ் பதினொன்றில் வியர்த்தது.
அது மட்டும் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது.
பிளாஸ்க் தேநீரைக் குடித்துவிட்டு
இன்னும் முப்பது போட்டேன்.
மாலை சாலை திறந்தது.
முதல் வண்டியில் ஒரு பியானோ போயிற்று.”

மற்றவர்கள் கேட்பது வேறு கேள்வி.
அவர் கேட்டார்:
“எத்தனை சென்டிமீட்டர்?”

சுவரின் தடிமனில் பாதிக்கும் குறைவு என்றார் வீவே.
அடைப்பை எடுத்து ரத்தம் விட்டால்
மிச்சத் தசை திரும்ப உழைக்கக்கூடும்.
கூடும் என்பதை அவர் அழுத்திச் சொன்னார்.

ஹில்லார் விரலை நீட்டி
பிறையைச் சுற்றி, தொடாமல்,
ஒரு வளைவு வரைந்தார்,
லாரிகளுக்கு மாற்றுவழி குறிப்பதுபோல.
கோட்டை மாட்டிக்கொண்டு தெருவரை போனவர்
திரும்பி வந்தார்.

தட்டில் திருகாணி கிடந்தது.