117/அ

டொக்யார்ட் வீதியில் எங்கள் டிஸ்பென்சரிக்கு
இரண்டு வாசல்.
முன்வாசலால் வருகிறவர்களுக்கு நான் துண்டு கொடுப்பேன்.
பின்வாசலால் வருவது மான்கள்.
துண்டைக் கீழே போட்டால் தின்றுவிடும்,
பிறகு உங்கட நம்பர் மானின்ர வயித்துக்குள்ள என்று சொல்லித்தான்
பிள்ளைகளை வாங்கில் இருத்துவேன்.

அலுமாரியில் ஒரு வீட்டுக்கு ஓர் அட்டை.
பழைய டொக்டர் பழக்கிவிட்டது.
தகப்பனின் சீனிக்குக் கீழே மகனின் பூச்சிமருந்து,
அதற்குக் கீழே தாயின் மூன்றாவது,
பிறக்காமல் போனது,
ஒற்றை வரியில், சிவப்பு மையில்.
கடல் உள்ளே வந்த வருசம்
எல்லாவற்றையும் காற்றாடிக்குக் கீழே காயவைத்தோம்.
118இன் முட்டு வருத்தம்
117இன் முதுகில் இன்னும் நீலமாய் ஊறிக் கிடக்கிறது.

றிஸ்மியா டொக்டர் வந்து மூன்று வருசம்.
இப்போது பாதிப்பேர் வட்ஸ்அப்பில்தான் இருமுகிறார்கள்.
திருக்கடலூர் விக்னராசா வள்ளத்திலிருந்தே பேசி அனுப்புவார்:
"மெசினில குத்திப் பாத்தன், இருநூத்திப் பத்து,
இப்ப வலை இழுக்கிறம், பிறகு சொல்லுங்கோ."
பின்னால் எஞ்சின், காற்று, யாரோ ஒருவனின் தூஷணம்.
தூஷணத்தை விட்டுவிட்டு
மிச்சத்தை அட்டையில் எழுதுவது என் வேலை.

அவர் மனைவி தவமலர் நேரே வருவாள்.
வந்தாலும் தனியே இல்லை.
டோஹாவிலிருந்து மகன் போனுக்குள் நிற்பான்.
மருந்துக்குக் காசு அவனுடையது,
கேள்வியும் அவனுடையது.
இரண்டு கேள்விக்கு நடுவில் அவள் வாயைத் திறப்பாள்,
லைன் வெட்டுதம்மா என்பான்.

போன மாசம் ஒரு வியாழன், மூடுகிற நேரம்,
மகள் வந்தாள். டிலக்சி. கம்பஸில் முதலாம் வருசம்.
"அக்கா, எனக்கு வேற அட்டை போடுவீங்களா?
அம்மா பாக்காத அட்டை."

நாலு வயதில் இவள் விழுங்கின இரண்டு ரூபாய்க் குற்றி
எந்தக் கிழமை வெளியே வந்தது என்று எனக்குத் தெரியும்.
எனக்கே அட்டையா?
ஒரு வீடு ஒரு அட்டை, பிள்ளை, என்றேன்.
சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போல.
டொக்டர் எழும்பி வந்தார்.
என் மேசையிலேயே புது அட்டை எடுத்தார்,
117 எழுதினார்,
ஒரு கோடு சரித்துப் போட்டு, அ.
கதவு சாத்தியது.

இருபத்தைந்து நிமிசம்.
வாங்கில் முணுமுணுப்பு. காற்றாடியின் கிறீச்.
முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தவள்
எனக்கு ஒரு சிரிப்பு வைத்துவிட்டுப் போனாள்.
அட்டை பூட்டிய லாச்சிக்குள். சாவி டொக்டரிடம்.
இருபத்தாறு வருசத்தில் முதல் தடவை
ஒரு வருத்தத்தின் பெயர் எனக்குத் தெரியாது.
எனக்குக் கோபம்தான்.
வீட்டுக்குப் போயும் சோறு இறங்கவில்லை.

அடுத்த கிழமை தவமலர்.
போன் கைப்பைக்குள், மூச்சில்லாமல்.
வாங்கில் இருந்தவர்கள் சொல்லாமலா விட்டிருப்பார்கள்.
சண்டைக்கு ஆயத்தமாக நான் நிமிர்ந்து இருந்தேன்.

"பிள்ளைக்கு அட்டை போட்டதாம்.
என்னத்துக்கெண்டு நான் கேக்கேல்ல."
குனிந்து என் மேசை விளிம்பைப் பிடித்தாள்.
"எனக்கும் ஒண்டு போடுங்கோ.
தம்பி லைனில இல்லாத நேரமாப் பாத்து
நானும் கொஞ்சம் கதைக்கவேணும்."

117/ஆ என்று நானே எழுதினேன்.
கை பழகாத எழுத்து, கோணலாய்ப் போனது.
கதவை நானே சாத்தினேன்.

பழைய அட்டையைத் திரும்ப வைக்கும்போது
அந்தச் சிவப்பு வரியைப் பார்த்தேன்.
அதற்குக் கீழே
ஒருவரும் ஒன்றும் கேட்டு எழுதியிருக்கவில்லை.
நானும்தான்.

அரைமணி தாண்டி அவள் போனபிறகு
முப்பத்தொன்று என்று கூப்பிட்டேன்.
முப்பத்தொன்று.
ஒருவரும் எழும்பவில்லை.
பின்வாசலில் ஒரு புள்ளிமான்
என்னைப் பார்த்தபடி
மென்றுகொண்டு நின்றது.