இடைநின்றோர்: இருவர்

மழை இருட்டு. பகாவில் மூன்று மணிக்கே
விளக்குப் போட்டுவிட்டேன்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
கல்லூரி முனையில் திரும்பும்போதெல்லாம்
என் மேசை மைலோவில் வளையம் எழுகிறது.
மானிய அறிக்கை இன்றைக்குள் போக வேண்டும்.

பன்னிரண்டு பேர், ஆறு மாதம்,
ஆளுக்கு மாதம் எண்ணூறு வெள்ளி.
பாதி மானியம், பாதி முதலாளி
என்றுதான் தாளில் இருந்தது.
மானியத்தின் பாதி வந்து சேர
மூன்று மாதமாயிற்று.
அதுவரை
‘இந்த வாரம் பாஸ், கட்டாயம் இந்த வாரம்’ என்று
பட்டறை பட்டறையாகப் போன் போட்டுப்
பொய் சொன்னவள் நான்.
மலாயில் பொய் சொல்வது
ஏனோ கொஞ்சம் சுலபமாக இருந்தது.

சேர்ந்தோர்: பன்னிரண்டு.
அதில் சிக்கலில்லை.

முடித்தோர் கட்டத்தில் முதல் பெயர் யுவஸ்ரீ.
ஒருநாள் விடுப்பில்லை.
சான்றிதழை அன்றே லேமினேட் செய்தாள்.
‘அடுத்த மானியம் வந்தால் சொல்லுங்கள்,
மறுபடி எடுத்துக்கொள்கிறோம்’ என்றது கிளினிக்.
அவள் வீட்டில் இருக்கிறாள்.
பாரத்தின் கணக்கில் அவள் வெற்றி.

லோகபாலன், குளிர்சாதனப் பிரிவு.
நான்காம் மாதம் ஒரு ராத்திரி
பேரங்காடியின் ஐஸ்பெட்டி நின்றுபோக,
கோழியும் மீனும் கசியத் தொடங்க,
ஈரத் தரையில் மல்லாந்து படுத்து
சோப்பு நுரை தடவித் தடவி
வாயு ஒழுகும் ஊசித்துளையைக் கண்டுபிடித்தான்.
விடிந்ததும் மிஸ்டர் கோ சொன்னாராம்:
‘நீ என்ன இன்னும் மாணவன்?’
ஆயிரத்து எண்ணூறு. சேமநிதி. சொக்சோ.
கையெழுத்துப் போட்டுவிட்டு
கல்லூரிச் சட்டையைத் துவைத்து மடித்துத்
திருப்பிக் கொடுக்க வந்தான்.
மறுமாதம் சம்பளச் சீட்டோடு வந்தான்.
‘நூற்றுத் தொண்ணூற்றெட்டு வெள்ளியை
யாருக்கா எடுத்தது?’
யாரும் எடுக்கவில்லைடா, உன்னுடையதுதான்,
ஐம்பத்தைந்து வயதில் வரும்.
‘அம்பத்தஞ்சா!’
சுவரில் சாய்ந்து சிரித்தான்.
தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் அவன் அம்மா
அந்தச் சீட்டுக்கு ஒரு நகல் கேட்டாளாம்.
எதற்கென்று சொல்லவில்லை.
இரண்டாக எடுத்துக் கொடுத்தேன்.

சத்தியசீலன்.
ரொம்பின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து
கப்சாயில் வருவான்.
முதல் மாதம் பெட்ரோலுக்குக் கடன்.
இரண்டாம் மாதம் அந்தக் கடனுக்குக் கடன்.
மூன்றாம் மாதம் கப்சாயை விற்றான்.
பணம் வந்துவிட்டதென்று நான் கூப்பிட்ட அன்று
‘சிங்கப்பூர் பஸ்ஸில் இருக்கிறேன்க்கா’ என்றான்.
பின்னால் யாரோ குறட்டை விடுவது கேட்டது.

பத்து விழுக்காட்டைத் தாண்டினால்
அடுத்த ஆண்டுப் பணம் கேள்விக்குறி.
பன்னிரண்டில் ஒருவர் என்றால் தப்பலாம்.
இருவர் என்றால் இல்லை.
‘ஒரு பெயரை எடுத்துவிடேன்’ என்கிறார் புவான் ரொஹானா.
கெட்டவரில்லை.
மேல்மாடிக் கூரை ஒழுகும் இடத்தில்
தானே வாளி வைப்பவர்.

எந்தப் பெயரை?
வேலை கிடைத்ததால் நின்றவனையா,
காசு கிடைக்காததால் நின்றவனையா?
கட்டம் ஒன்றுதான். அகலமும் ஒரே அளவு.

என் ஒப்பந்தமும் இதே மானியத்தில்தான்,
இதே முப்பதாம் தேதி வரை.
ஊருக்கெல்லாம் வேலை பார்த்துக் கொடுப்பவள்
எந்தக் கட்டத்திலும் இல்லை.
கோபமாக இல்லை.
மைலோதான் ஆறிப்போய்விட்டது.

இரண்டு என்று தட்டினேன்.
குறிப்புகளுக்கு இருநூறு எழுத்து.
மலாயில் எழுதினேன், தமிழில் இப்படி வரும்:
‘பணம் பிந்தியதால் ஒருவர் நின்றார்.
வேலை முந்தியதால் ஒருவர் நின்றார்.
இருவரையும் ஒரே எண்ணாகக் கூட்டினால்
இந்த அறிக்கையைப் படிப்பவருக்கு’

அதோடு பெட்டி நிறைந்துவிட்டது.
மேற்கொண்டு தட்டத் தட்ட
ஒன்றும் விழவில்லை.
அப்படியே அனுப்பினேன்.