அரை நாள்

டிசம்பர் முடிவதற்குள் எடுக்காவிட்டால்
தற்செயல் விடுப்பு செத்துப்போகும்.
இரண்டரை நாள் பாக்கி என்று
ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொன்னான் நவ்னீத்.
ஈட்டிய விடுப்பு போன வருஷமே
முந்நூறைத் தொட்டு நின்றுவிட்டது,
மூடி அழுந்தாத அரிசி டின் மாதிரி.
இனி போடுவதெல்லாம் வழிந்துதான் ஓடும்.

"எங்கேயாவது போய் வாங்க, பல்லி மேடம்."

செண்பகவல்லி என்ற பெயர்
இந்த மூன்றாம் மாடிக்கு ஏறி வருவதற்குள்
மூச்சு வாங்கி வல்லியாகி,
முசாஃபர்பூர் மிஸ்ராஜியின் வாயில் பல்லியானது.
அவர் ஓய்வு பெற்றுப் போய்ப் பதினோரு வருஷம்.
பெயர் இங்கேயே இருக்கிறது.
அர்த்தத்தை யாருக்கும் சொன்னதில்லை நான்.
டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருப்பதற்கு மட்டும்
தெரிந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை, ஒன்றரை மணி.
எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.
வீட்டுக்குப் போகலாம்.
ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இவர்
டி.வி. முன்னால் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார்.
போய் நின்றால், "உடம்புக்கு என்ன?" என்பார்.
சரோஜினி நகர் போகலாம்.
பேரம் பேசத் தெம்பு வேண்டும்.

சாலையைத் தாண்டினேன்.
எதிரே புல்வெளி.

மே மாதம் முழுக்கத் திட்டித் தீர்த்த அதே வெயில்
இப்போது முதுகில் வந்து உட்கார்ந்துகொள்கிறது
வெந்நீர் ஒத்தடம் போல.
இருபது ரூபாய்க்குக் கடலை,
காகிதத்தில் ஒரு சிட்டிகை கறுப்பு உப்பு.
வந்த புதிதில் அந்த வாசனை குமட்டும்.
இப்போது அது இல்லாமல் கடலை இறங்காது.
கோவில்பட்டியில் பிறந்தவள் இதைச் சொல்லக் கூடாது.

தினமும் வருகிற இடம்தான்.
தினமும் இரண்டு மணிக்கு
ஒட்டிய புல்லைத் தட்டி, முழங்காலைத் திட்டி,
எல்லாரும் எழுவோம்.
இன்று அவர்கள் எழுந்தார்கள்.
சாவ்லா, நூற்கண்டைப் பைக்குள் திணித்து,
"சலோ" என்றாள்.
நான் லீவு என்றேன்.
"லீவு போட்டு வர வேற இடமே கிடைக்கலையா உனக்கு?"
சிரித்துக்கொண்டே போனாள்.
அவளுக்கு இன்னும் ஆறு வருஷம்.

இரண்டேகாலுக்கு இந்தப் புல்வெளி
எப்படி இருக்கும் என்று
முப்பத்துநாலு வருஷமாக எனக்குத் தெரியாது.
மைனாக்கள் இறங்குகின்றன,
எங்கள் கடலைத் தோலைக் கிளற.
நாங்கள் எப்போது தொலைவோம் என்று
இத்தனை காலமும் காத்திருந்திருக்கின்றன.
தோட்டக்காரர் ஷூவைக் கழற்றி,
காலுறையை மருதாணி வேலியில் காயப்போட்டு,
விரல்களை ஒவ்வொன்றாக வெயிலுக்குக் காட்டுகிறார்.

நிமிர்ந்தேன்.
மூன்றாம் மாடி, இடமிருந்து ஏழாவது ஜன்னல்.
இவ்வளவு சின்னதா?
உள்ளேயிருந்து பார்த்தால் பாதி டில்லி தெரியுமே.
என் நாற்காலியில் ஒரு தலை. நவ்னீத்.
அவன் போன் சார்ஜர் அங்கேதான் எட்டும்.
தலை ஒருமுறை மறைந்து திரும்பி வந்தது:
நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறான்.
அது சுற்றும் நாற்காலிதான்.
நான் சுற்றியதில்லை.

வலிக்கவில்லை.
ஆடுகிற பல்லை நாக்கு போய்ப் போய்த் தொடுமே,
அப்படி இருந்தது.

ஏப்ரல் முப்பதுக்கு என்ன வேண்டும் என்று
இப்போதே கேட்கிறார்கள்.
சுவர்க்கடிகாரம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.

நாலு மணிக்கு வெயில் வேப்பமரத்துக்குப் பின்னால் போனது.
அப்போதுதான் உறைத்தது:
சால்வை மேலே.

லீவில் இருப்பவளுக்கும்
இஞ்சி டீ கொண்டுவந்து வைத்தார் ராம்கிலாவன்.
நவ்னீத் பதறி எழப் பார்த்தான்.
உட்காரு என்று சொல்லி
வருகிறவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தேன்.
குளிரில் டில்லிப் பல்லிகள் பேசாது.
ஹீட்டர் புண்ணியத்தில்
மேலே அது சொன்னது.
எந்தத் திசை என்று பார்க்கவில்லை.
கை தானாக மேஜையை மூன்று முறை தட்டியது.

"என்ன மேடம்?"

"ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு நாள் பாக்கி,
ரிஜிஸ்டரில் சரியாக எழுது."