வெறும் லொறி

சீமெந்து பில்லின் பின்பக்கம்
நடுவில் ஒரு கோடு.

இந்தப்பக்கம் கல்முனை லேனர்ஸ்:
நாற்பத்தையாயிரம், பன்னிரண்டு நாள்,
மைதானத்தில் நாலு தகரப் பீப்பா.
அந்தப்பக்கம் சம்மாந்துறை மில்:
எட்டு மாதம் கிளீனர், சோறு மட்டும்,
பிறகு கொழும்புக்கு நடைக்கு ஐயாயிரம்.

"திரும்பி வாறதுக்கு?"
"வெறும் லொறிக்கு என்ன கூலி மனே"
என்றார் முதலாளி,
மூட்டை எண்ணுவதை நிறுத்தாமல்.

ஒருமுறை கிளீனராய்ப் போய்வந்தவன் நிப்றாஸ்.
மகியங்கனைப் பதினெட்டு வளைவில்
இறங்கும்போது
பாரமில்லாத லொறிதான் துள்ளும்,
பிரேக் சொல் கேளாது.
பீப்பாக்களுக்கு அது தெரியாது.

பில்லைத் திருப்பினான்.
குசினிச் சுவருக்குப் பதினொரு பை.
அரைவாசிதான் கட்டியிருக்கு.