சதுர மீட்டருக்கு எத்தனை வெள்ளி

காலாங் ஆற்றோரம்
இருபத்திரண்டு மாடி, நூற்று எழுபத்தாறு வீடு.
துளையிட்ட குழாயில் மேலேறி வந்தது
முப்பது மீட்டர் ஆழத்துக் கடற்களிமண்.
சாம்பல் நிறம். விரல் வைத்தால் வழிவிட்டது.
"இதுவா மண்? கஞ்சி" என்றார்
பொறியாளர் யோங் செங்.

சிங்கப்பூருக்கென்று நிலநடுக்கம் கிடையாது.
சுமத்ராவுக்கு உண்டு.
அங்கே கடலடியில் பாறை முறிந்தால்
துடிப்பெல்லாம் வழியிலேயே தீர்ந்து
நீண்ட, மெதுவான அலைதான் இங்கு வந்து சேரும்.
குட்டைக் கடைவீடுகளை அது கண்டுகொள்ளாது.
கஞ்சியில் இறங்கிப் பெருத்து
உயரமானவர்களை மட்டும்
தோளைப் பிடித்து அசைத்துப் பார்க்கும்.

அசைவைக் கணக்கிடுவது யோங் செங் வேலை.
அதற்கு விலை போடுவது என் வேலை.

முதல் நிரல்:
தூண், உத்தரம், இடையில் அடைத்த செங்கல்.
மூன்றிலும் இதுதான் மலிவு.
தூண் வளைந்து கொடுக்கும், செங்கல் கொடுக்காது.
மூலைக்கு மூலை வெடித்து
சுவரில் ஒரு பெருக்கல் குறி விழும்.
எதை எதால் பெருக்க என்று
அது சொல்வதில்லை.

இரண்டாவது:
அங்கேயே வார்க்கும் கான்கிரீட் சுவர்.
அடித்தளம் முதல் மொட்டைமாடி வரை ஒரே உடம்பு.
அச்சுப்பலகை, கம்பி கட்டும் கைகள், அவர்களுக்கான தீர்வை,
மழை பெய்தால் நிற்கும் நாட்கள்.
மாடிக்கு ஒன்பது நாள் என்று போட்டேன்,
பத்தாக்கினேன்.

மூன்றாவது:
ஜொகூரில் வார்த்து, விடியுமுன் பாலம் தாண்டி
லாரியில் நின்றபடி பயணம் வரும் சுவர்.
மாடிக்கு ஐந்தே நாள்.
சுவரில் குறையில்லை, ஒட்டும் இடம்தான் கவலை.
கம்பி நுழையும் குழலில் ஊற்றிய சாந்து
உள்ளே நிரம்பியதா, பாதியில் நின்றதா,
கண்ணால் பார்க்க வழியில்லை.
நம்பலாம். நம்பிக்கை இலவசம்.
சோதிப்பதற்குத் தனி வரி சேர்த்தேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பாவப்பட்ட வரி:
சுவர் ஐம்பது மில்லிமீட்டர் தடித்தால்
வீட்டுக்கு ஓர் அலமாரி அளவு இடம் போகும்.
விற்கக்கூடிய இடம்.

திரு. கோ கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.
"அதிர்ந்து விழுந்த கட்டடம் ஒன்று
இந்த ஊரில் காட்டுங்கள்."
யோங் செங் கோப்பியைக் கலக்கினார்,
ஏற்கனவே கலக்கியிருந்த கோப்பியை.

நான் வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினேன்.
வீட்டுக்கு வீடு பதுங்கறை எப்படியும் உண்டு,
ஒன்றன்மேல் ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை.
மக்கள் அதில் அரிசியும் பழைய மின்விசிறியும் வைக்கிறார்கள்.
அதையும் மின்தூக்கிக் கூண்டையும் கைகோக்க விட்டால்
புதிதாக வார்க்க வேண்டியது நான்கு சுவர்தான்,
மற்றவை லாரியில் வரட்டும்.
கூடுதல், வீட்டுக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் வெள்ளி.
மொத்தம் அரை மில்லியன் சொச்சம்.

"எங்கிருந்து எடுப்பது?"

முகப்புக் கூடத்து இத்தாலியப் பளிங்கு என்ற வரியில்
பென்சிலை வைத்தேன்.

"பளிங்கில் பாதி, சுவரில் பாதி?"
"சுவரில் பாதி என்று ஒன்று இல்லை" என்றார் யோங் செங்.
அன்று அவர் வாய் திறந்தது அதற்கு மட்டும்தான்.
அடுத்த வாரம் பார்க்கலாம் என்று கலைந்தோம்.

பூன் கெங்கில் என் வீடு பத்தொன்பதாம் மாடி.
போன வருடம் ஒரு மாலை
கூடத்து விளக்கு தானாக ஆடியது.
தலை சுற்றுகிறது என்று தயாபரன்
ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டார். சரியாக இருந்தது.
எதிர்வீட்டு ரோஸ்னானி பூனையோடு படியிறங்கினாள்.
கார் நிறுத்துமிடத்தில் அரைமணி நேரம் எல்லோரும்
தத்தம் சன்னலை அண்ணாந்து பார்த்தபடி.
பிறகு மின்தூக்கிக்கு நீண்ட வரிசை.

மறுநாள் சுவர் சுவராகக் கீறல் தேடினேன்.
ஒன்றுமில்லை.
நான் பள்ளியில் பெருக்கல் படித்த காலத்தில்
யாரோ ஒருவர் இந்த புளோக்குக்குக் கூட்டல் போட்டிருப்பார்.
ஒரு வரியின்மேல் பென்சிலை வைத்து
அடிக்காமல் எடுத்திருப்பார்.

இன்று கூடத்தில் கடிகாரம் மாட்ட
தயாபரன் துளையிட்டார்.
வீடெல்லாம் அலறல், வெள்ளைத் தூள்,
இரண்டு மில்லிமீட்டர் பள்ளம், முனை மழுங்கிவிட்டது.
"என்ன சுவர் இது!"

முனை ஆறு வெள்ளி.
என் கணக்கில் எழுதச் சொன்னேன்.
கடிகாரம் சாப்பாட்டு மேசையில்
மல்லாந்து ஓடிக்கொண்டிருக்கிறது.