ரீடிங்

இருபத்திரண்டு வருஷமாக
வீடுவீடாய் ஏறி
கரண்ட் மீட்டர் பார்த்து எழுதுகிறவன்.
பூட்டின கேட், கட்டாத நாய்,
அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்த மீட்டர்பெட்டி
எல்லாம் பார்த்தாயிற்று.
தானாக இறங்கின மீட்டரை மட்டும்
பார்த்ததில்லை.

இந்திராணி கேட்பாள்:
"சிலிண்டர் அடைச்சனா?"
அடைச்ச.
செருப்பு மாட்டும்போது:
"நீங்க பாத்தீங்களா?"
பாத்தேன்.
பால்கடை தாண்டும்போது:
"சத்தியமா?"
என் தலை
அவள் உள்ளங்கைக்குப் பழகிப்போயிருந்தது.

முதலில் பூட்டு. அப்புறம் அயர்ன் பாக்ஸ்.
சிலிண்டர் வந்த பிறகு
மற்றதெல்லாம் ஒதுங்கிக்கொண்டன.
பழங்காநத்தம் ரவுண்டானாவில்
எங்களைக் கண்டாலே
ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பத் தயாராவார்.

பாண்டிகோயிலில் எலுமிச்சம்பழம் வாங்கி
அடுப்புக்கு மேலே கட்டினோம்.
அது கட்டினபடி இருக்கிறதா என்று பார்க்க
பாதி வழியில் திரும்பி வந்தோம்.

பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள்.
முதலில் பாதி, பிறகு முழுசு.
"ரேடியோ பக்கத்து வீட்டுக்குப் போன மாதிரி இருக்கு" என்றாள்.
நிற்கவில்லை, தள்ளிப்போயிருந்தது.

பிறகு அடுத்த அறையில் நஸ்ரின்.
மேலூர்க்காரர். அவரும் ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில்தான் எழுதினார்.
"பயம் இப்ப எவ்வளவு? நூத்துக்குச் சொல்லுங்க."
எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது.
ஒரு வைத்தியம் முதல்தடவையாக
என் பாஷையில் பேசியது.
பயம் ஏறும், ஏறட்டும்,
போய்ப் பார்க்காமல் இருந்தால் இறங்கும் என்றார்.
நான் நம்பவில்லை. எனக்கு மீட்டர் தெரியும்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார்.
"சார், இனிமே நீங்க பதில் சொல்லக் கூடாது."
அடைச்சிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சா?
"தெரிஞ்சாலும்.
நீங்க சொல்றது அவங்களுக்குப் பால்கடை வரைக்கும்தான் வருது.
லைன் குடுக்கறதே நீங்கதான் சார்."

பத்தொன்பது வருஷத்தில்
நான் அவளுக்குத் தவறாமல் கொடுத்தது
அந்த ஒரு சொல்தான்.
வளையல்கூட இப்போது அடகுக்கடையில் இருக்கிறது.

ஆவணியில் அவள் தங்கை மகளுக்குத் திருமங்கலத்தில் கல்யாணம்.
ஒரு தடவை அடைத்தாள்.
ஒரு தடவை பூட்டினாள்.
இரண்டு மாடியும் இறங்கினாள்,
கிணற்றில் இறங்குகிறவள் மாதிரி
சுவரைப் பிடித்துக்கொண்டு.
பஸ் ஸ்டாப்பில்
அவள் உதடு கேள்வியைத் தொட்டுத் தொட்டு மூடியது.

என்னால்தான் முடியவில்லை.
பர்ஸை மறந்துட்டேன் என்று ஓடினேன்.
என் சாவி, என் மூச்சிரைப்பு,
இருட்டு அடுப்படி.
ரெகுலேட்டர் மேல் கை வைத்தேன்.
அடைத்திருந்தது.
கையை எடுத்தேன்.
மறுபடி வைத்தேன்.

பஸ்ஸில் பதிலை மடியில் வைத்துக்கொண்டு
அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
பசுமலையில் கேட்டேன்: எவ்வளவு?
"தொண்ணூறு." கம்பியைப் பிடித்த விரல் வெளுத்திருந்தது.
திருநகரில்: "தொண்ணூத்தஞ்சு."
அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாமா என்று
நான்தான் நினைத்தேன்.
ஒரு பையன் மல்லிகைப்பூக் கூடையை
எங்கள் கால்மேல் வைத்துவிட்டு நின்றான்.
அவள் கூடையை நகர்த்தினாள்.
"எழுபது" என்றாள், நான் கேட்காமலே.
கப்பலூரில் ஜன்னல் பக்கம் திரும்பி,
"நாப்பது இருக்கும்."

யாரும் அணைக்கவில்லை.
யாரும் போய்ப் பார்க்கவில்லை, அதாவது அவள் பார்க்கவில்லை.
எழுதிவைக்கக் கையில் அட்டை இல்லாமல்
இறங்கும் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருமங்கலத்தில் இறங்கி
புடவை மடிப்பைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்:
"பர்ஸ் உங்க சட்டைப் பையிலதான் இருந்துச்சு.
ஓடும்போதே பாத்தேன்."

நான் வாயைத் திறந்தேன்.

"சொல்லிராதீங்க" என்றாள்.
மண்டபத்துக்கு எந்தப் பக்கம் என்று
பூக்காரியிடம் கேட்டாள்.
ஒரே ஒரு தடவை.